மூச்சு ஏன் வாங்குகிறது?

கடிகாரத்தை எதிரே வையுங்கள். அமைதியாக உட்காருங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மூச்சு விடுகிறீர்கள் என்று எண்ணுங்கள்.

வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். நாம் அதை எண்ணுவதில்லை. அதைப் பற்றி நினைப்பதும் இல்லை. தூங்கும்போதும் மூச்சு தானாக நடக்கிறது.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மூட்டை தூக்கினால் மூச்சு வாங்கும். அது இயல்பு. சற்று நின்றால் சரியாகிவிடும்.

ஆனால் படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அது இயல்பு அல்ல. நடு இரவில் இருமல் வந்து எழுப்பினால் அது இயல்பு அல்ல. அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேட வேண்டும்.

சில சமயம் காரணம் எளிதில் தெரியாது. மருத்துவர்களுக்கே பல ஆண்டுகள் காரணம் பிடிபடாத ஒரு மூச்சுத் திணறல் நோய் உண்டு. அதன் கதைதான் இந்தப் பாடம்.

மட்டாஞ்சேரியில்

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் இருக்கிறது. அங்கே கொச்சி நகரம் உள்ளது. கொச்சியின் பழைய பகுதி மட்டாஞ்சேரி. மிளகு, சுக்கு, மஞ்சள் வியாபாரத்துக்குப் பெயர் போன இடம். பல மொழி பேசுவோர் அங்கே வாழ்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி. அங்குள்ள தோபி கானாவில் துணி வெளுப்போர் தமிழ் பேசுவோர். அவர்களின் முன்னோர் பல தலைமுறைக்கு முன் தமிழ் நாட்டிலிருந்து சென்றவர்கள்.

கொச்சி தாழ்வான ஊர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல். மழையும் அதிகம். தண்ணீர் எளிதில் வடியாது. சாக்கடையில் நீர் தேங்கும். தேங்கிய நீரில் கொசு பெருகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் கொசுவுக்கும் பங்கு உண்டு.

மட்டாஞ்சேரியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணவர் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். வயது 30. இரண்டு மாதமாக அவருக்கு வறட்டு இருமல். பகலில் குறைவாக இருக்கும். இரவு 2 மணிக்கு மேல் விடாமல் வரும். நெஞ்சில் 'வீ வீ' என்று சத்தம் கேட்கும். எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடியும். மாலையில் லேசான காய்ச்சல். உடம்பும் இளைத்துவிட்டது.

மனைவிக்குக் கவலை. தெருவுக்கு வரும் ஆஷா பணியாளரிடம் சொல்கிறார். அந்தப் பணியாளர் மலையாளி. தமிழும் நன்றாகப் பேசுவார்.

"சேச்சி, அவருக்கு ராத்திரி முழுக்க இருமல். மூச்சு விட முடியலை. மிளகுத் தூசுதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க."

"எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு மாசம் ஆச்சு சேச்சி. கடையில மருந்து வாங்கிக் குடிச்சார். கொஞ்சம் அடங்குது. அப்புறம் திரும்பி வருது."

"சளிப் பரிசோதனை செய்தீங்களா?"

"செஞ்சோம். டி.பி. இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"நல்லது. ஆனா டி.பி. இல்லைன்னா நோயே இல்லைன்னு அர்த்தம் இல்லை. ரத்தம் சோதிச்சாங்களா?"

"இல்லை சேச்சி. அன்னைக்கு வேலைக்குப் போகணும்னு வந்துட்டார்."

"நாளைக்கே திரும்பக் கூட்டிக்கிட்டுப் போங்க. பழைய சீட்டை எல்லாம் கையில எடுத்துக்குங்க."

"ஒரு நாள் கூலி போயிடுமே."

"ஒரு நாள் கூலி போனா அடுத்த நாள் சம்பாதிக்கலாம். நுரையீரல் கெட்டுப்போனா எங்கே போய் வாங்குவீங்க?"

ஆஷா பணியாளர் சொன்னது சரி. ஒரு சோதனையில் காரணம் தெரியவில்லை என்றால் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

இரத்தச் சோதனை என்ன சொல்லும்?

நம் இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் உண்டு. வெள்ளை அணுக்களும் உண்டு. வெள்ளை அணுக்கள் காவல் படை போன்றவை. உடம்புக்குள் நுழையும் எதிரியோடு சண்டை போடும்.

வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு. அவற்றில் ஒரு வகையின் பெயர் ஈசினோஃபில். ஈசின் என்பது ஒரு சிவப்புச் சாயம். அந்தச் சாயத்தை இந்த அணு நன்றாக ஏற்கும். அதனால் அந்தப் பெயர் வந்தது.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் பொதுவாக 500-க்குள் இருக்கும். அது ஒரு சிறு துளியைவிடக் குறைந்த அளவு. ஆஸ்துமா, ஒவ்வாமை, வயிற்றுப் புழு இருந்தால் எண்ணிக்கை கூடும். ஆனால் இந்தப் பாடத்தில் வரும் நோயில் அது 3,000-ஐத் தாண்டிவிடும்.

இதை மக்கள் 'ஈஸ்னோபீலியா' என்று சொல்வார்கள். தும்மல் வந்தாலும் 'ஈஸ்னோபீலியா' என்பார்கள். சளி பிடித்தாலும் 'ஈஸ்னோபீலியா' என்பார்கள். அது சரியல்ல. எண்ணிக்கை கூடியிருப்பது ஓர் அடையாளம். அதுவே நோய் அல்ல. எதனால் கூடியது என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

காரணம் தேடிய கதை

1940-ஆம் ஆண்டு. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்ற இடம். அங்கே பெரிய காசநோய் மருத்துவமனை இருந்தது. ஃப்ரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் அங்கே வேலை செய்தார்கள்.

சில நோயாளிகளின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தால் காசநோய் போலத் தெரிந்தது. ஆனால் காசநோய்க் கிருமி இல்லை. இரத்தத்தில் ஈசினோஃபில் மட்டும் மிக அதிகம். இது காசநோயைப் போலத் தோன்றும் வேறு நோய் என்று அவர்கள் எழுதினார்கள்.

1943-இல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் பம்பாயில் இதே போன்ற 81 நோயாளிகளைப் பற்றி எழுதினார். நோய்க்கு 'வெப்பமண்டல ஈசினோஃபீலியா' என்று பெயர் வைத்தார். ஆர்செனிக் கலந்த ஒரு மருந்தால் அவர்கள் தேறினார்கள். ஆனால் நோய் எதனால் வருகிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

அடுத்து வருகிறார் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு அமெரிக்காவுக்குச் சென்றார். லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1947-இல் அந்தக் குழு ஒரு மருந்தை வெளியிட்டது. அது யானைக்கால் நோய்ப் புழுவுக்கு எதிரான மருந்து. இன்று அதை டி.இ.சி. மாத்திரை என்கிறோம். 1948-இல் சுப்பாராவ் இறந்தார்.

1950-களில் சிங்கப்பூரில் டி. ஜே. தனராஜ் என்ற மருத்துவர் இருந்தார். அவர் இந்த மாத்திரையை மூச்சுத் திணறல் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். அவர்கள் தேறினார்கள்.

அப்போது ஒரு கேள்வி எழுந்தது. யானைக்கால் புழுவுக்கு உரிய மருந்தால் மூச்சுத் திணறல் தீருகிறது. அப்படியானால் மூச்சுத் திணறலுக்குக் காரணமும் அந்தப் புழுதானா?

விடை தமிழ் நாட்டிலிருந்து வந்தது. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே வேலை செய்த வெப், ஜாப், கால்ட் ஆகிய மூன்று மருத்துவர்கள் 1960-இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். இந்த நோயாளிகளின் நுரையீரலிலும் கல்லீரலிலும் நெறிக்கட்டியிலும் யானைக்கால் புழுவின் குஞ்சுகளை அவர்கள் கண்டார்கள்.

1940-இல் எழுந்த கேள்விக்கு இப்படி 20 ஆண்டுகளில் விடை கிடைத்தது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார். யாரும் 'காரணமே இல்லை' என்று கைவிடவில்லை.

கொசு, புழு, நுரையீரல்

கொச்சிக்கும் யானைக்கால் நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. வெள்ளைக்காரர்கள் இந்த நோய்க்குக் 'கொச்சிக் கால்' என்றே பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் இதை 'மந்து' என்பார்கள். கெட்ட தண்ணீர் குடித்தால் இது வரும் என்று முன்பு பலர் நம்பினார்கள். உண்மையில் இது கொசுக்கடியால் வருகிறது. கொசுவின் உடம்பில் இந்தப் புழு வளர்வதை 1877-இல் சீனாவில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார்.

கொசு கடிக்கும்போது நுண்ணிய புழு உடம்புக்குள் போகிறது. உள்ளே வளர்ந்து குஞ்சு பொரிக்கிறது. குஞ்சுகள் இரத்தத்தில் கலக்கின்றன. அவை பெரும்பாலும் இரவில்தான் இரத்தத்தில் தெரியும். அதனால்தான் யானைக்கால் நோய்க்கு இரவில் இரத்தம் எடுப்பார்கள்.

மிகச் சிலரின் உடம்பு இந்தக் குஞ்சுகளை மிகக் கடுமையாக எதிர்க்கிறது. குஞ்சுகள் நுரையீரலில் சிக்கிக்கொள்கின்றன. ஈசினோஃபில் படை அங்கே திரண்டு வந்து தாக்குகிறது. அந்தச் சண்டையில் நுரையீரல் புண்படுகிறது. மூச்சுக் குழாய் சுருங்குகிறது. இருமலும் மூச்சுத் திணறலும் வருகின்றன.

குஞ்சுகள் நுரையீரலில் சிக்கிவிடுவதால் இரத்தத்தில் அவை தெரிவதில்லை. இரவில் இரத்தம் எடுத்தாலும் 'புழு இல்லை' என்றே வரலாம். கால் வீங்குவதும் இல்லை. நோய் மறைந்து நிற்கிறது. அதனால்தான் பலர் இதை ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ நினைத்துவிடுகிறார்கள்.

ஓர் ஆறுதலான செய்தி உண்டு. இந்த நோய் இருமலால் மற்றவருக்குப் பரவாது. நோயாளியைத் தனியே ஒதுக்கத் தேவை இல்லை.

மருந்து உண்டு, தாமதம் கூடாது

மருத்துவர் நோயாளியைச் சோதிப்பார். இரத்தச் சோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார். நோய் இதுதான் என்று தெரிந்தால் டி.இ.சி. மாத்திரை கொடுப்பார். பெரும்பாலும் 3 வாரம் சாப்பிட வேண்டும். பலருக்குச் சில நாளிலேயே இருமல் குறையத் தொடங்கும்.

இருமல் குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். இந்த மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கியும் சாப்பிடக் கூடாது. தொடக்கத்தில் காய்ச்சல், தலைவலி வரலாம். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. எவ்வளவு சாப்பிடுவது என்று மருத்துவரே சொல்ல வேண்டும்.

சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் மருத்துவர் வி. கே. விஜயனும் மற்றவர்களும் 1980-களில் இந்த நோயை ஆராய்ந்தார்கள். மருந்து சாப்பிட்டதும் நுரையீரலில் ஈசினோஃபில் வெகுவாகக் குறைந்தது. ஆனால் சிலருக்கு லேசான அழற்சி மீதி இருந்தது. ஆகவே மருந்து முடிந்த பிறகும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருந்தே சாப்பிடாமல் பல மாதம், பல ஆண்டு விட்டுவிட்டால் நுரையீரலில் தழும்பு விழும். தழும்பு விழுந்த இடம் பழையபடி ஆகாது. பிறகு வேலை செய்யும் வலு குறைந்துவிடும். மூட்டை தூக்குபவருக்கும் துணி வெளுப்பவருக்கும் வலுதான் முதலீடு.

எல்லா மூச்சுத் திணறலும் ஒன்றல்ல

மூச்சுத் திணறலுக்குப் புழு மட்டும் காரணம் அல்ல. வேறு பல காரணங்கள் உண்டு.

ஆஸ்துமா ஒரு காரணம். காசநோய் ஒரு காரணம். பீடி, சிகரெட்டால் நுரையீரல் கெடும். விறகு அடுப்புப் புகையால் பெண்களுக்கு மூச்சு வாங்கும். கிடங்குத் தூசும் பஞ்சுத் தூசும் கெடுதல் செய்யும். இரத்தச் சோகை இருந்தால் சிறிது நடந்தாலே மூச்சு வாங்கும். இதயம் பழுதானால் படுக்கும்போது மூச்சு முட்டும். மனப் பதற்றத்தாலும் மூச்சு வாங்கும்.

ஊரே மூச்சுத் திணறிய காலமும் உண்டு. 2023 மார்ச் 2-ஆம் தேதி கொச்சியை அடுத்த பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. பிளாஸ்டிக் குப்பை பத்து நாளுக்கு மேல் புகைந்தது. நகரத்தைப் புகை மூடியது. பலர் இருமலோடும் மூச்சுத் திணறலோடும் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. பல சமயம் அப்படித் தெரியாது.

ஒருவருக்கே இரண்டு காரணங்களும் இருக்கலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட மருந்தை வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவர் நோய் வேறு. உங்கள் நோய் வேறு.

நோட்டில் எழுதுங்கள்

1990 பிப்ரவரி 4-ஆம் தேதி எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மாவட்டம். எழுத்து கடிதம் எழுத மட்டும் அல்ல. நோயைக் கண்டுபிடிக்கவும் எழுத்து உதவும்.

மருத்துவர் சில நிமிடம்தான் நோயாளியைப் பார்க்கிறார். இரவு 2 மணிக்கு நடந்தது அவருக்குத் தெரியாது. நோயாளிக்கும் எல்லாம் நினைவில் இருக்காது. ஆகவே ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். இப்படி எழுதலாம்:

திங்கள். இரவு 2 மணி. இருமல். ஒரு மணி நேரம் இருந்தது. உட்கார்ந்த பின் குறைந்தது.

செவ்வாய். மாலை காய்ச்சல். வேலைக்குப் போனேன். பாதியில் திரும்பினேன்.

புதன். இரவு 3 மணி. நெஞ்சில் சத்தம். சளி இல்லை.

இவற்றையும் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, எடை குறைந்ததா, என்ன வேலை, வீட்டில் புகை உண்டா, இதுவரை சாப்பிட்ட மருந்து எது. சோதனைச் சீட்டுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். எந்த ஊர் மருத்துவரிடம் போனாலும் அந்தப் பையும் நோட்டும் கூடவே போகட்டும்.

மூச்சு முட்டும்போது

பயப்படாதீர்கள். பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும். நேராக உட்காருங்கள். சற்று முன்னே சாய்ந்து கைகளை முழங்கால் மேல் ஊன்றுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். சன்னலைத் திறங்கள். மூக்கால் மூச்சை இழுங்கள். உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதுவது போல மெல்ல விடுங்கள். மருத்துவர் உறிஞ்சும் மருந்து கொடுத்திருந்தால் அவர் சொன்னபடி எடுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்கள் சுற்றி நின்று காற்றை மறைக்க வேண்டாம். சாம்பிராணியும் கொசுவர்த்தியும் கொளுத்த வேண்டாம். அந்தப் புகை திணறலைக் கூட்டும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

உதடு நீலமாக மாறுதல்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் போதல்.

நெஞ்சு வலி.

மயக்கம், குழப்பம்.

இருமலில் நிறைய இரத்தம் வருதல்.

கொசுவைத் தடுத்தால் புழுவையும் தடுக்கலாம்

யானைக்கால் நோயைத் தடுக்க 1955-இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கியது. 2004 முதல் பல மாவட்டங்களில் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மாத்திரை கொடுக்கும் வேலை நடந்தது. இதனால் நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் கொசு இருக்கும்வரை கவனம் தேவை.

இந்தப் புழுவைப் பரப்பும் ஒரு வகைக் கொசு சாக்கடையிலும் மலத் தொட்டியிலும் பெருகும். மலத் தொட்டியின் காற்றுக் குழாய் வாயில் வலை கட்டுங்கள். சாக்கடையில் குப்பை கொட்டாதீர்கள். இரவில் கொசு வலைக்குள் படுங்கள்.

கொச்சிக்குத் தெற்கே சேர்த்தலை இருக்கிறது. அங்கே இன்னொரு வகைக் கொசு உண்டு. அதன் புழு குளத்தில் ஆகாயத்தாமரைச் செடியின் வேரைத் துளைத்து, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வாழும். 1980-களில் புதுச்சேரியிலுள்ள கொசு ஆராய்ச்சி மையத்தார் சேர்த்தலை மக்களோடு சேர்ந்து குளங்களில் அந்தச் செடியை அகற்றினார்கள். குளத்தில் மீன் வளர்த்தார்கள். செடி போனதும் கொசுப் புழுவுக்கு மூச்சு விட வழி இல்லை. மீனால் மக்களுக்கு வருமானமும் கிடைத்தது.

நினைவில் கொள்ளுங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளியைச் சோதிக்க வேண்டும்.

காசநோய் இல்லை என்றால் தேடலை நிறுத்தக் கூடாது. இரத்தத்தைச் சோதிக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

யானைக்கால் நோய் இருந்த ஊரில் வசித்தவர் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இப்போது வேறு ஊரில் இருந்தாலும் சொல்ல வேண்டும்.

விடை எழுதுங்கள்

1. ஈசினோஃபில் என்பது என்ன?

2. வேலூர் மருத்துவர்கள் 1960-இல் எதைக் கண்டார்கள்?

3. இந்த நோயில் இரவில் இரத்தம் எடுத்தாலும் புழு ஏன் தெரிவதில்லை?

4. சேர்த்தலையில் ஆகாயத்தாமரையை ஏன் அகற்றினார்கள்?

5. உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கும் இடங்கள் எவை? பட்டியல் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு நான்கு பேராகச் சேர்ந்து ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்துக்குப் போங்கள்.